குடியை நிறுத்த ரூமில் பூட்டி வைக்காதீர்கள்
'மூணு நாள் ரூமில் பூட்டி வைத்தால் எந்தக் குடிகாரனும் திருந்திவிடுவான்' என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்புக்கு அந்த மூன்று நாள்தான் பெரிய கண்டம். நிறுத்திய 6 மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் சிலருக்குச் சித்தம் கலங்கி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகும்.

காசிமேட்டில் என் சித்தப்பாவை இப்படித்தான் பூட்டி வைத்தார்கள். முதல் நாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் பாதி டீ லுங்கியில் கொட்டியது. மறுநாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். 'நடிக்கிறான்' என்றார்கள். விடிவதற்குள் வலிப்பு. சித்தி ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்வது அநியாயம். நடுக்கத்தை அடக்க மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 கட்டணமில்லாத போதை மீட்பு உதவி எண். வலிப்பு வந்தால் உடனே 108.

அப்புறம், குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் குடியை நிறுத்தும் மருந்து கலப்பதும் வேண்டாம். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.