உடைவாள் போகட்டும், கதையை முழுசாகச் சொல்லுங்கள்

நவராத்திரிக்கு முன்னால், தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் திருவிதாங்கூர் ராஜாக்களின் உடைவாள் கைமாறும். கேரள அமைச்சர் எடுத்துக் கொடுப்பார், குமரி மாவட்டத்து அறநிலையத்துறை அதிகாரி வாங்கிக்கொள்வார். அப்புறம் அரண்மனைக் கோயிலின் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் ஏற, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடச் சேர, ஊர்வலம் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகும். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செலுத்தும். அன்று தக்கலையில் பாதி ஊர் ரோட்டில்தான் நிற்கும்.

உடனே சண்டையும் கிளம்பும். ‘ராஜா போயாச்சு, வாள் எதற்கு?’ என்று ஒரு கூட்டம். ‘பொன்னுதம்புரான் (மகாராஜா) காலம் போல வருமா?’ என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டு பேச்சும் ஏற்பில்லை.

அந்தத் தம்புரானே சுதந்திரமாக இருந்தவரில்லை. 1805 உடன்படிக்கைக்குப் பிறகு திருவிதாங்கூர் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். மகாராஜாவுக்கு 19 குண்டு முழங்கி மரியாதை என்று நிர்ணயித்ததும் பிரிட்டிஷ்காரர்கள்தான்.

பாட்டியின் பெட்டியில் ஒரு செம்புச் சக்கரம், அதாவது பழைய திருவிதாங்கூர் காசு, இருக்கிறது. ஒரு பக்கம் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் முகம், மறுபக்கம் சங்கு. முகம் தேய்ந்துவிட்டது, சங்கு இன்னும் கையில் தட்டுப்படுகிறது. அதே சங்குதான் இன்று கேரள அரசு முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவே இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே அசோகரின் சிங்கங்கள். குடியரசு மேலே, ராஜ சின்னம் கீழே. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. உடைவாளும் அப்படித்தான். ஓட்டு வாங்கி வந்த ஒருவர் கையிலிருந்துதான் அது இன்று புறப்படுகிறது.

கரீபியன் தீவு நாடான பார்படாஸ் 2021 நவம்பர் 30 அன்றுதான் பிரிட்டிஷ் ராணியைத் தன் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. ஆனால் 1966இலேயே காலனிக்காலச் சின்னத்திலிருந்த திரிசூலத்தை எடுத்து, காம்பை முறித்து, கொடியில் வைத்துக்கொண்டார்கள். சின்னத்தையும் விடவில்லை, அதனிடமிருந்து அறுத்துக்கொண்டதையும் மறைக்கவில்லை. என்ன தெளிவு!

நம்மிடம் அந்த முறிவு எங்கே? அரண்மனைக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போகும்போதெல்லாம் வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்கிறேன்: மரவேலைப்பாடு, சுவரோவியம், கண்ணாடிபோல் மினுங்கும் கருந்தரை, எல்லாம் அழகாகச் சொல்கிறார்கள். தோள்சீலைப் போராட்டம் பற்றி என் காதில் ஒரு சொல் விழுந்ததில்லை. நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடிபட்டது இந்த மண்ணில்தான். 1859இல் மகாராஜா உத்தரவு போட்டு அனுமதித்தார், அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. 1936இல் எல்லாச் சாதியினருக்கும் கோயிலைத் திறந்துவிட்டதும் இதே அரச வம்சம். அதைப் பெருமையாகச் சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? முந்தையதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1956இல் அரண்மனை இருக்கும் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. ஆகவே இந்தக் கோரிக்கை அவர்களுக்குத்தான்: வாள் இருக்கும் உப்பரிகை மாளிகைக்குப் போகிற வழியில், தமிழிலும் மலையாளத்திலும் அந்த 1859 உத்தரவை எழுதி வையுங்கள், நிபந்தனையோடு.