சிபியுவைப் பார்க்காம அப்கிரேட் போடாதீங்கய்யா

பாம்பன்ல ஒரு ஜெராக்ஸ் கடை. டெபியன்ங்கிற லினக்ஸ் இயங்குதளத்தோட 12-ம் பதிப்புல ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டரை ‘பழசாப் போச்சு’ன்னு ஓரங்கட்டிட்டாங்க. நடந்தது என்ன? சாஃப்ட்வேர் எங்கேர்ந்து இறங்கணும்னு சொல்ற சோர்சஸ் ஃபைலைத் திறந்து ‘புக்வோர்ம்’னு (12-ஓட பேரு) இருந்த இடமெல்லாம் ‘டிரிக்ஸி’ன்னு (13-ஓட பேரு) மாத்துனாங்க. ஃபுல்-அப்கிரேட் தட்டுனாங்க. பேக்கேஜை இறக்கி நிறுவுற ஆப்ட் தடுக்கலை. பேக்கேஜ் மேல பேக்கேஜா இறங்குச்சு, அவிழ்ந்துச்சு. ரீபூட். இயங்குதளத்தோட மையமான கர்னல் மட்டும் பழைய 6.1! 13-க்கு உண்டான 6.12 எங்கே? திரும்ப அப்டேட். திரும்ப ரீபூட். அதே 6.1. சரி, புதுசாவே போட்டுருவோம்னு ஐ386 (அதாவது 32-பிட் பதிப்பு) இன்ஸ்டாலரைத் தேடுறாங்க. தேடிக்கிட்டே இருக்கலாம்! 2025 ஆகஸ்ட்ல வந்த 13-க்கு 32-பிட் கர்னலும் கிடையாது, இன்ஸ்டாலரும் கிடையாது. மிச்சம் வச்சிருக்கிற ஐ386 பேக்கேஜ் எல்லாம் 64-பிட் மெஷின்ல பழைய புரோகிராமை ஓட்டத்தான். அதுக்கும் சிபியுல எஸ்எஸ்இ2-ங்கிற கட்டளைத் தொகுப்பு கட்டாயம். பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி எல்லாம் அதுலயே அவுட்.

வெளியீட்டுக் குறிப்புல தெளிவா போட்டிருக்கு: ஐ386-காரங்க மேலேறாதீங்க, முடிஞ்சா ஏஎம்டி64 (64-பிட் பதிப்பு) போடுங்க, இல்லேன்னா மெஷினுக்கு ஓய்வு கொடுங்க. அதை யாரு படிக்கிறா? ஆப்டே வாசல்ல மறிச்சிருக்க வேண்டாமா? 32-பிட்டை நிறுத்துனதுல எனக்குச் சண்டை இல்லை. சோதிச்சுப் பார்க்க ஆளில்லாத கர்னலைக் கொடுக்கிறதைவிட நிறுத்துறதே நேர்மை. ஆனா நிறுத்துன கதவைப் பூட்டணும்ல?

வயிறு எரியுறது எதுக்குன்னா, அந்த மெஷின் 64-பிட்! கோர் 2 டுவோ. ரெண்டு ஜிபி ராம்தானே, 32-பிட் போதும்னு அந்தக் காலத்துல யாரோ போட்டது. டெர்மினல்ல ‘எல்எஸ்சிபியு’ன்னு (lscpu) ஒரு வார்த்தை அடிச்சிருந்தா ‘32-பிட், 64-பிட்’னு ரெண்டையும் காட்டியிருக்கும். 32-பிட் மட்டும் காட்டுனாத்தான் கவலை. ஹோம் ஃபோல்டரைப் பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டு ஏஎம்டி64-ஐ புதுசா நிறுவுனா வேலை முடிஞ்சுது. ரெண்டு ஜிபிக்கு க்னோம் மாதிரி கனமான டெஸ்க்டாப் வேண்டாம், இலேசான எல்எக்ஸ்க்யூடி போடுங்க. ஓட்டத்துலயே ஐ386-ஐ ஏஎம்டி64-ஆ மாத்துற வித்தையும் உண்டு. கடை மெஷின்ல அதைத் தொடவே தொடாதீங்க.

நெட்புக்ல வந்த ஆட்டம் என்270 மாதிரி நிஜமாவே 32-பிட்தான்னா, 12-லயே நில்லுங்க. நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள வேற மெஷின் பாருங்க.

இன்னொண்ணு. மண்டபத்துலேர்ந்து தொண்டி வரைக்கும் உப்புக்காத்து ராம் கால்ல (ராமோட உலோக முனையில) படிஞ்சு மெஷின் பூட் ஆகாம நிக்கும். உடனே ‘போர்டு போச்சு’! கழட்டி, பென்சில் ரப்பரால காலைத் தேய்ச்சு, தூசியைத் தட்டி மாட்டிப் பார்த்தீங்களா? போர்டுல தேதியைக் காக்குற சிஆர்2032 பேட்டரி செத்தா தேதி பல வருஷம் பின்னால போயிரும்; ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லாது’ன்னு ஆப்ட் அடம்பிடிக்கும். அதுக்கும் ஃபார்மட்டா? ஒரு பேட்டரி மாத்த என்னய்யா கேடு!