“நிறுத்து” என்று சொல்லத் தெரிந்த பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்புங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பையனைக் கப்பல் வேலைக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளம். அடுத்து புயல். பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்களின் ஊர் இது. ஆச்சிமார்களுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் தாது ஏற்றும் கப்பல்களில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கரையில் கட்டிக் கிடக்கும்போதே பாதி ஆபத்து உள்ளே ஏறிவிடுகிறது.

இரும்புத் தாது ஒரு டன் பெரும்பாலும் அரை கனமீட்டர் இடம்கூடப் பிடிக்காது. கப்பல் தாங்கும் எடை முழுவதும் ஏறிய பிறகும், மேலிருந்து எட்டிப் பார்த்தால் சரக்கு அறை பாதிகூட நிறைந்திருக்காது. இன்னும் கொட்டலாம் என்றுதான் தோன்றும்.

ஒன்பது அறை உள்ள பெரிய கப்பல்களில் 1, 3, 5, 7, 9 என ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டும் ஏற்றுவதுண்டு. எல்லா அறையிலும் பரப்பினால் எடை அடியிலேயே தங்கி, அலையில் கப்பல் வெடுக்வெடுக்கென்று ஆடும். ஒன்றுவிட்டுப் போட்டால் குவியல் உயர்ந்து ஆட்டம் நிதானப்படும். ஆனால் அந்த அறையின் தரை இரட்டிப்புப் பாரத்தைத் தாங்கியாக வேண்டும். அதற்கென்றே கட்டி அனுமதி வாங்கிய கப்பலுக்கு மட்டுமே இது சரி.

அப்புறம் வரிசை. எந்த அறையில் எத்தனை டன், எப்போது, அதற்கேற்ப எந்தத் தொட்டியிலிருந்து பாலஸ்ட் தண்ணீரை (சரக்கு இல்லாதபோது கப்பல் நிலையாக நிற்க நிரப்பி வைப்பது) வெளியேற்றுவது என்று முன்கூட்டியே திட்டம் போட்டுத் துறைமுகத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய துறைமுகங்களில் தாதைக் கொட்டும் இயந்திரமான லோடர் மணிக்கு 10,000 டன் கொட்டும். அந்தத் தண்ணீரை இறைக்கும் பம்ப் கொஞ்சம் பின்தங்கினாலும் கப்பலின் உடம்பு வளையத் தொடங்கும். 1994இல் பிரேசிலில் ‘டிரேட் டேரிங்’ என்ற கப்பல் தாது ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. அங்கே புயல் எதுவும் இல்லை.

நடுராத்திரியில் டார்ச் அடித்து கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் முன், நடு, பின் பக்கக் குறிகளைப் படித்துவிட்டு, கணக்கு இடித்தால் சீஃப் ஆபீசர் வாக்கி டாக்கியில் லோடரை நிறுத்தச் சொல்ல வேண்டும். “அடுத்த கப்பல் காத்திருக்கிறது” என்று கரையில் கத்துவார்கள். கத்தட்டும். வரம்பு மீறினால் ஏற்றுவதை நிறுத்தும் உரிமையைச் சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளே கேப்டனுக்குக் கொடுத்திருக்கின்றன. அந்த உரிமை தெரிந்தும் கரைக்காரர்களின் சத்தத்துக்குப் பயந்து வாய்மூடி நின்ற இளம் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கப்பல் படிப்புக் கல்லூரியில் பணம் கட்டும்முன் ஒன்று விசாரியுங்கள்: சரக்கு ஏற ஏறக் கப்பல் தாங்குமா என்று கணக்கிடும் லோடிங் கணினியில் பிள்ளைகளே கணக்குப் போட்டு, எந்த இடத்தில் நிறுத்துவது என்று பழக வைக்கிறார்களா? இல்லையென்றால் வேறு கல்லூரி பாருங்கள்.