பழைய வாசலை அடைக்காமல் நடந்த மாற்றம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி இணையவழியில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். வகுப்பு முடிந்ததும் அதே லினக்ஸ் மடிக்கணினியில், அதே யூஎஸ்பி மைக்கை வைத்து, மாணவர்களுக்கான கீர்த்தனைகளை ஆர்டோர் மென்பொருளில் பதிவு செய்வார். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே நான் வந்தாக வேண்டும். வகுப்புக்கு உதவிய பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவையகத்தை (செயலிகளுக்கும் மைக், ஸ்பீக்கருக்கும் நடுவே ஒலியைக் கொண்டுசேர்க்கும் நிரல்) நிறுத்திவிட்டு, பதிவுக்குத் தேவையான ஜாக் என்ற இன்னொரு சேவையகத்தை இயக்கித் தர வேண்டும். பதிவின் இடையில் ஒரு சங்கதியை உலாவியில் கேட்டுச் சரிபார்க்க நினைத்தால் அதில் சத்தம் வராது. இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் பைப்வயர் வந்தபின் அந்த வேலை எனக்கு இல்லாமல் போயிற்று.

ஒலிச் சேவையகத்தைப் பைப்வயருக்கு மாற்றியது தேவையற்ற வேலை என்று இன்னும் சொல்லும் நண்பர்கள் 2007-08 காலத்தை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். அவர்களுடைய கசப்பு நியாயமானது. ஃபெடோரா 8, உபுண்டு 8.04 ஆகிய லினக்ஸ் வெளியீடுகளில் பல்ஸ்ஆடியோ இயல்பிருப்பாக (நாம் தேர்ந்தெடுக்காமலே அமைந்திருப்பதாக) வந்தபோது, ஒலிக் கருவிகளை இயக்கும் லினக்ஸின் அடிப்படை அடுக்கான அல்சாவிடம் நேரடியாகப் பேசிப் பழகிய செயலிகள் பல தடுமாறின. அன்று நான் வைத்திருந்த கணினியில் ஊரிலிருந்து அம்மா இணையத்தில் அழைத்தால், அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவருக்குக் கேட்காது. ஆனாலும் பழி முழுவதையும் பல்ஸ்ஆடியோவை எழுதிய லெனார்ட் பொயட்டரிங் மீது போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒலி எந்த இடம்வரை ஒலித்திருக்கிறது என்று ட்ரைவர்கள் (ஒலிக் கருவியை இயக்கும் நிரல்கள்) துல்லியமாகச் சொல்லும் என நம்பி அவர் கட்டினார். பல ட்ரைவர்கள் தவறாகச் சொல்லின. செயலிக்குச் செயலி ஒலியளவை மாற்றும் வசதி நம்மிடம் பரவலானது பல்ஸ்ஆடியோவால்தான்.

விம் டேய்மன்ஸ் பைப்வயரை உருவாக்கிய விதத்தில் எனக்குப் பிடித்தது, பழைய செயலிகள் எதையும் அவர் திருத்தி எழுதச் சொல்லவில்லை என்பது. பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலி தன் பழைய நெறிமுறையிலேயே பேசலாம். ஜாக்குக்காக எழுதியதும் அப்படியே. இரண்டும் பைப்வயருக்குள் ஒரே வலையமைப்பில் வந்து சேர்கின்றன. பதிவுச் செயலி 256 மாதிரிகள் கொண்ட சிறிய துண்டைக் கேட்டால், 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், ஒரு துண்டு ஏறத்தாழ 5 மில்லிநொடிதான். அந்த நேரத்தில் உலாவியும் அதே வேகத்துக்கு வந்துவிடுகிறது.

பைப்வயரைப் பரப்புவதில் அவசரமும் காட்டவில்லை. ஆரம்பத்தில் காணொளியைக் கையாளவே தொடங்கப்பட்ட பைப்வயர், ஒலிக்கு இயல்பிருப்பானது 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34இல்தான். உபுண்டு 22.04இல் திரைப்பகிர்வுக்கு அதை வைத்துக்கொண்டு ஒலியைப் பல்ஸ்ஆடியோவிடமே விட்டார்கள். அடுத்து வந்த 22.10இல்தான் ஒலியும் கைமாறியது. கேட்பவரின் காதோடு தொடர்புடைய வேலையில் இந்தப் பொறுமை அவசியம் என்றே கருதுகிறேன்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எந்த ஓசை எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும், பைப்வயரின் துணை நிரலான வயர்ப்ளம்பர், 2024இல் வந்த 0.5 பதிப்பில் தன் அமைப்புக் கோப்புகளின் வடிவத்தையே மாற்றிவிட்டது. லுவா என்ற நிரல்மொழியில் நான் எழுதி வைத்திருந்த விதிகள் ஒன்றுகூட வேலை செய்யாமல், மனைவியின் மைக் இருக்கும்போதே மடிக்கணினியின் உள் மைக்கில் ஒரு வகுப்பு முழுவதும் ஓடிவிட்டது. செயலிகளை எழுதுவோருக்குக் கொடுத்த அதே மரியாதையை, வீட்டில் உட்கார்ந்து பத்து வரி அமைப்புக் கோப்பு எழுதுகிறவருக்கும் கொடுத்திருக்க வேண்டும். பழைய கோப்பை அந்தப் பதிப்பே படித்துப் புதிய வடிவுக்கு மாற்றித் தந்திருந்தால் போதும். அடுத்த பெரிய மாற்றத்திலாவது அதைச் செய்யுங்கள் என்று அந்தத் திட்டத்துக்கு எழுதப் போகிறேன். மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சோதித்துப் பார்க்கப் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பினால் உதவியாக இருக்கும்.