நான் மதராசி இல்லை
டெல்லி கரோல் பாகில் 18 வருஷமாக இருக்கிறேன், இன்றைக்கும் காய்கறிக்காரர் முதல் மாடிவீட்டுக்காரர் வரை எல்லாருக்கும் நான் மதராசிதான். எதிர்வீட்டு மலையாளியும் மதராசி, கீழ்வீட்டுத் தெலுங்குக்காரரும் மதராசி. மதராஸ் மாநிலம் 1969-லேயே தமிழ்நாடு ஆகிவிட்டது! தினமும் கையில் புரளும் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் 15 மொழிகள், தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று தனித்தனி வரியாக அச்சடித்திருக்கிறதே, ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லையா? நேற்று மெட்ரோவில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்றவர் இந்தியில் பேசச் சொல்கிறார். ஏங்க, என் அம்மாவிடம் நான் எதற்கு இந்தியில் பேச வேண்டும்? உங்களிடம் இந்தியில்தானே பேசுகிறேன், அது போதாதா? சரி, நானாவது பழகிவிட்டேன். வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று என் பையன் வெளியே என்னை அப்பா என்று கூப்பிடவே கூச்சப்படுகிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை.