செத்த கோழி யாருடையது?

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்ப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஷெட் அவருடையது. அதற்கு வாங்கிய கடன், கரண்ட் பில், தண்ணீர், ராத்திரி கண்விழிப்பு எல்லாம் அவருடையது. கோழி மட்டும் கம்பெனியுடையது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் கம்பெனி இறக்கும். ஆறு வாரம் போல வளர்ந்ததும் எடை போட்டு ஏற்றிக்கொண்டு போகும். கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி வரும். நடுவில் செத்துப்போன கோழியைக் குழி தோண்டிப் புதைப்பதும், நாற்றத்துக்கும் ஈக்கும் ஊராரிடம் பேச்சு வாங்குவதும் விவசாயி. உயிரோடு இருந்தால் அவர்கள் சொத்து, செத்தால் இவர் பாடு. இது பச்சை அநியாயம்.

1923-ல் அமெரிக்காவின் டெலவேரில் சிசில் ஸ்டீல் என்ற பெண் 50 குஞ்சு கேட்க, தவறுதலாக 500 வந்து சேர்ந்தன. அவற்றைக் கறிக்கென்றே வளர்த்து விற்று நல்ல லாபம் பார்த்தார். அக்கம்பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டது. 1930-களில் ஜார்ஜியாவில் ஜெஸ்ஸி ஜூவெல் என்ற தீவன வியாபாரி, கையில் காசில்லாத விவசாயிகளுக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுத்து, வளர்ந்த கோழியைத் தானே எடுத்துக்கொண்டார். இன்றைய ஒப்பந்தம் அங்கே ஆரம்பித்ததுதான். 1990-களில் உடுமலை, பல்லடம் பக்கம் காலூன்றி, அப்புறம் நம் பக்கமும் வந்தது.

கோழியின் உடம்பே மாறிவிட்டது. கனடாவில் 1957-ம் வருட ரகத்தையும் 2005-ம் வருட ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ம் நாளில் பழைய ரகம் 905 கிராம், புதியது 4,202 கிராம். அந்த எடையைத் தாங்காமல் கால் மடங்கி உட்கார்ந்துவிடும் கோழிகள் உண்டு. வேகமாக வளர ஆன்டிபயாடிக்கையும் தீவனத்தில் கலந்தார்கள். அவற்றில் ஒன்றான கொலிஸ்டின், வேறெந்த மருந்துக்கும் கிருமி அடங்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. கோழிக்குக் கொடுத்துக் கொடுத்துக் கிருமி பழகிவிட்டால், அந்த நோயாளிக்கு இதுவும் கேட்காது. அதைக் கோழிக்குக் கொடுப்பதை இந்தியா 2019-ல்தான் தடை செய்தது. நாடெங்கிலுமிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நம்பி ஜனங்கள் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு இதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

சந்தையில் விலை விழுந்தால் நட்டம் கம்பெனிக்குத்தான், விவசாயிக்குக் கூலி வந்துவிடும் என்பார்கள். உண்மைதான். கோழி எருவுக்கும் காசு கிடைக்கும். ஏழை வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறி வேகிறது, அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பாலாற்றில் நாம் பட்டது போதாதா? தோல் பதனிடும் ஷாப் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்த பிறகு, வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்று சொன்னது. இன்றும் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். கோழிப் பண்ணையில் மாசு செய்தவர் யார்? எந்த ரகம், என்ன தீவனம், என்ன மருந்து, எப்போது குஞ்சு இறங்கும் என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்பவர் கம்பெனி. புகார் போனால் நோட்டீஸ் வருவதோ ஷெட் வைத்திருப்பவர் பெயருக்கு!

செத்த கோழியை அப்புறப்படுத்தும் செலவு கம்பெனியுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். கொடுத்த மருந்தின் பெயரும் அளவும் விவசாயி கையில் எழுத்தில் இருக்கவேண்டும். பண்ணை வைத்திருப்பவர்கள் அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் இந்த இரண்டையும் மனுவாகக் கொடுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் வருகிறேன்.