காகிதம் உள்ள கசிவும், காதோடு சொன்ன கசிவும்

அரசு ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பேச்சுதான்: "வெளியே விட்டவனையும் அச்சடிச்சவனையும் சேர்த்து உள்ளே போடணும்." சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இந்த விஷயத்தில் நாட்டில் மற்ற எவரையும்விட நிதானமாகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். நாகர்கோவில்காரர் ஒருவரை, நம் கண்முன்னே, "ரகசியம் விற்றவன்" என்று எழுதி எழுதியே சாய்த்தார்கள்.

1994 அக்டோபர் 20. திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் கைது செய்யப்பட்டார். குற்றம் என்ன? விசா முடிந்தும் தங்கியிருந்தது. வெளிநாட்டினர் சட்டத்தில் போட்டு முடிக்க வேண்டிய சாதாரண வழக்கு. ஒரு மாதத்துக்குள் அதே வஞ்சியூர் காவல் நிலையத்தில் அரசு ரகசியச் சட்டத்தில் இன்னொரு வழக்கு பதிவானது. நவம்பர் 30 அன்று இஸ்ரோவின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும் ராக்கெட் என்ஜின்) திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நம்பி நாராயணன் கைதானார். 50 நாள் சிறை. ராக்கெட் என்ஜின் ரகசியத்தைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது கதை. அந்தக் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அன்று இந்தியாவின் கையில் இல்லை. ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு 1991-ல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து தொழில்நுட்பம் கைமாறும் பகுதி, அமெரிக்க நெருக்கடியால் 1993-ல் விழுந்துபோயிருந்தது. கையில் இல்லாத பொருளை விற்றதாக ஒரு வழக்கு!

இத்தனை வாரங்கள் பத்திரிகைகளுக்குத் தீனி எங்கிருந்து வந்தது? "விசாரணை வட்டாரங்கள் தெரிவிக்கின்றன" என்ற வரியிலிருந்து. எந்த ஆவணம் கைமாறியது, எத்தனை பக்கம், யார் கையெழுத்து, எங்கே பறிமுதல் ஆனது என்று கேட்டிருந்தால் கதை அன்றைக்கே நின்றிருக்கும். 1996-ல் சி.பி.ஐ. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. எர்ணாகுளம் நீதிமன்றம் அதை ஏற்றது. மறுவிசாரணை நடத்தக் கேரள அரசு எடுத்த முயற்சியை 1998-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன தீர்ப்பு வருவதற்கு 2018 செப்டம்பர் 14 ஆகிவிட்டது. உடன் குற்றம் சாட்டப்பட்ட பெங்களூரு கே. சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் மறைந்துவிட்டார்.

இதுவும் கசிவுதான், மக்களே. அரசுக்குள்ளிருந்து, விசாரணை ரகசியம் என்ற பெயரில், காதோடு காதாகக் கசிந்தது. இதைக் கசியவிட்டதற்காக யார் மேலும் அரசு ரகசியச் சட்டம் பாயவில்லை. அந்தச் சட்டம் பாய்வது எப்போதும் காகிதம் வைத்திருப்பவன் மேல்தான். என்னை உறுத்துவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

சட்டத்தை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்ப்போம். 1923-ல் வெள்ளைக்காரன் போட்டது. ரகசியம் என்றால் என்ன என்று அதில் எங்கும் வரையறை கிடையாது. 3-ம் பிரிவு உளவு பற்றியது. பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டதென்றால் 14 ஆண்டு வரை, மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை. இதே பிரிவில் ஓர் உட்பிரிவு, நாட்டுக்குக் கேடான குறிப்பிட்ட செயல் ஒன்றை நிரூபிக்காமலேயே, ஆளின் நடத்தையையும் சூழ்நிலையையும் வைத்துத் தண்டிக்க இடம் கொடுக்கிறது. 4-ம் பிரிவு அதற்கும் மேல்: வெளிநாட்டு உளவாளி எனச் சந்தேகிக்கப்படுபவரின் பெயரோ முகவரியோ ஒருவரிடம் கிடைத்தாலே தொடர்பு இருந்ததாக எடுத்துக்கொள்ளலாம். விசா முடிந்த வழக்கு உளவு வழக்காக வளர்ந்தது இந்த வாசல் வழியாகத்தான். பத்திரிகைக்காரரைத் தொடுவது 5-ம் பிரிவு. அதிகாரி நம்பிக்கையில் ஒப்படைத்த எந்தத் தகவலும் அதற்குள் வரும். கொடுத்தவருக்கும் குற்றம், தெரிந்தே வாங்கியவருக்கும் குற்றம், 3 ஆண்டு வரை. ராணுவ வரைபடமும் சாலை டெண்டர் குறிப்பும் அந்தப் பிரிவுக்கு ஒன்றுதான். பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று வாதாட அதில் ஒரு வரிகூட இல்லை. 14-ம் பிரிவின்படி, அரசுத் தரப்பு கேட்டால் பொதுமக்களை வெளியேற்றிவிட்டு விசாரணை நடத்தலாம்.

ஒரே ஒரு பூட்டு உண்டு. 13(3)-ன்படி அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்க முடியும். போலீஸ் தானாகக் கைது செய்யலாம். அந்த அனுமதி இல்லாமல் வழக்கு நகராது. இப்படி ஒரு வழக்கில் மாட்டியவரின் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டிய தாள் அந்தப் புகார் உத்தரவு.

இஃப்திகார் கிலானி என்ற காஷ்மீர்ப் பத்திரிகையாளரை 2002 ஜூனில் டெல்லியில் பிடித்தார்கள். அவர் கணினியில் இருந்தது, காஷ்மீரில் உள்ள படைபலம் பற்றி இஸ்லாமாபாத் ஆய்வு நிறுவனம் ஒன்று அச்சிட்டு விற்ற வெளியீடு. ராணுவப் புலனாய்வுத் தரப்பு முதலில் அதை ஆபத்தான ரகசியம் என்றது. பிறகு அப்படி ஒன்றும் இல்லை என்று மாற்றிச் சொன்னது. இடையில் போனது அவருடைய ஏழு மாதம், திகார் சிறையில்.

பாதுகாப்பு ரகசியம் என்று ஒன்று கிடையாது என்று நான் சொல்லவில்லை. நிச்சயம் உண்டு. 2008 நவம்பரில் மும்பையில் கமாண்டோக்கள் எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்ட, அதைப் பார்த்துக்கொண்டே பாகிஸ்தானிலிருந்தவர்கள் உள்ளே இருந்த பயங்கரவாதிகளுக்குக் கட்டளை கொடுத்தார்கள். கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தி, தாக்குதல் முடியும்வரை நியமிக்கப்பட்ட அதிகாரி சொல்வதை மட்டுமே ஒளிபரப்பலாம் என்று ஆக்கினார்கள். அந்த விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அங்கே காக்கப்படுவது இந்த நிமிடத்து உயிர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விமானத்துக்கு விலை எப்படிப் பேசினார்கள் என்பது அந்த வகையில் வராது.

ரஃபேல் போர் விமானக் கொள்முதல் விவகாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் தி இந்து பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை வெளியிட்டது. மார்ச் 6 அன்று அரசுத் தலைமை வழக்கறிஞர், ஆவணங்கள் திருடப்பட்டவை, நீதிமன்றம் அவற்றைப் பார்க்கக் கூடாது என்றார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் அதை ஒருமனதாக நிராகரித்தார்கள். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிட அனுமதித்த, அமெரிக்காவின் 1971 பென்டகன் ஆவண வழக்கையும் எடுத்துக்காட்டினார்கள். கொள்முதலை விசாரிக்கக் கோரிய மறுசீராய்வு மனு நவம்பரில் தள்ளுபடியானது. ஆனால் அந்தக் காகிதம் பொதுவெளியில் இருந்ததால்தான் இரண்டு தரப்பும் அதை வைத்து வாதாட முடிந்தது. பிப்ரவரி 8 அன்று வெளியான பக்கத்தில் குறிப்பு எழுதப்பட்டபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கரின் பதில் இல்லை. அன்றைக்கே அந்தப் பதிலோடு கூடிய குறிப்பு வேறு வழியில் வெளிவந்தது. காகிதம் இருந்தால் குறை இருந்தாலும் இப்படி அன்றே பிடிபடும். நம்பி நாராயணன் கதையில் பிடித்து ஆட்டிப் பார்க்க ஒரு தாள்கூட இல்லை.

ஆகவே எல்லையோரத்தில் வேலை பார்க்கும் நிருபர் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். கையில் ஒரு தாள் வந்தால் முதலில் தாளையே விசாரியுங்கள். தமிழ்நாட்டு அரசாணையில் ஆங்கிலத் தேதிக்குக் கீழே தமிழ் ஆண்டு, மாதம், தேதி, திருவள்ளுவர் ஆண்டு இருக்கும். 02.09.2019 என்றால் அங்கே விகாரி, ஆவணி 16, திருவள்ளுவர் ஆண்டு 2050 என்று இருந்தாக வேண்டும். போலி செய்பவன் பழைய ஆணையில் ஆங்கிலத் தேதியை மாற்றிவிட்டு, கீழே உள்ள தமிழ்த் தேதியை அப்படியே விட்டுவிடுவான். தை பிறந்ததும் திருவள்ளுவர் ஆண்டு மாறும், ஆனால் விகாரி, சார்வரி என்ற பெயர் சித்திரையில்தான் மாறும். அந்த மூன்று மாத இடைவெளித் தேதிகளில்தான் போலிகள் அதிகம் சறுக்கும். ஆணை எண் துறைவாரியாக ஒவ்வோர் ஆண்டும் 1-லிருந்து தொடங்கும். துறைப் பெயர் இல்லாத "அரசாணை எண் 45" ஒன்றுக்கும் உதவாது. கீழ்மட்ட அலுவலகக் கடிதத்தில் ந.க. எண்ணோடு (கோப்பு எண்) அ2, இ4 என்று வருவது அந்தக் கோப்பைப் பார்க்கும் இருக்கை. அந்த இருக்கைக்கு அந்தப் பொருள் உண்டா என்று பணிப் பகிர்வுப் பட்டியலில் பாருங்கள்.

கேரளத் தாள் என்றால் ஸ.உ., அதாவது சர்க்கார் உத்தரவு: ஸ.உ.(கை), ஸ.உ.(சாதா), ஸ.உ.(அச்சடி) என மூன்று வகை. எண்ணோடு ஆண்டும் துறைச் சுருக்கமும் வரும். கொள்கை முடிவுகள் பெரும்பாலும் கை வகையில், அன்றாட ஆணைகள் சாதா வகையில். பெரிய கொள்கை முடிவு என்று ஒருவர் நீட்டும் தாள் சாதாவில் இருந்தால் இன்னொரு முறை விசாரியுங்கள்.

அதிகாரிகள் கருத்து எழுதும் குறிப்புக் கோப்பின் ஒரு பக்கம் மட்டும் வந்தால் அச்சுக்கு அனுப்பாதீர்கள். கீழே உள்ளவர் எழுதிய ஆட்சேபத்துக்கு மேலே உள்ளவரின் பதில் அதே பக்கத்தின் அடியிலோ அடுத்த பக்கத்திலோதான் இருக்கும்.

கொடுத்தவரைக் காப்பது அடுத்த வேலை. இங்கேதான் நம்மூரில் அலட்சியம் அதிகம். அமெரிக்காவில் அரசு ரகசியத் தாள் ஒன்றைச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னர் என்ற பெண் 2017-ல் மாட்டியதற்குக் காரணம், செய்தியாளர் அது உண்மையா என்று அரசிடம் கேட்பதற்காக அந்தத் தாளின் நகலை அப்படியே காட்டியது. மடிப்புத் தெரிந்ததால் அது அச்செடுக்கப்பட்டது என்று புரிந்துவிட்டது. அலுவலகப் பதிவேட்டில் அதை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தவர் ஒருவர். 63 மாதம் சிறை. கலர் லேசர் பிரிண்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் இயந்திர எண்ணையும் அச்சான நேரத்தையும் தாளில் பதித்துவிடுகின்றன. அதனால் தாளின் படத்தைப் போடாதீர்கள். வாசகத்தைத் தட்டச்சு செய்து போடுங்கள். அரசிடம் கருத்துக் கேட்கும்போது தாளை நீட்டாமல், அதிலுள்ள தகவலைச் சொல்லிக் கேளுங்கள். ஓரத்தில் உள்ள பேனாக் குறி, ஸ்டேப்ளர் ஓட்டை, தேநீர்க் கறை எல்லாமே யாருடைய நகல் என்று சொல்லிக்கொடுக்கும்.

செய்தி மூலத்தைச் சொல்ல மறுக்கும் உரிமை நம் நாட்டில் மிக மெலிது. 1978-ன் பத்திரிகை மன்றச் சட்டம் 15(2) அதைத் தருகிறது, ஆனால் அந்த மன்றத்தின் முன்னால் மட்டும். நீதிமன்றத்தில் அது உதவாது. செல்போனைப் பறிக்க வந்தால் 2023 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள்: முறைப்படியான நடைமுறை இல்லாமல் பத்திரிகையாளரின் போனை எடுக்கக் கூடாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 105-ம் பிரிவின்படி தேடுதலும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும். கருவியின் ஹாஷ் மதிப்பை (உள்ளே இருப்பதற்குக் கைரேகை போன்ற எண்) அங்கேயே மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், எழுதச் சொல்லுங்கள். எழுதவில்லையென்றால் பிறகு உள்ளே எதைச் சேர்த்தார்கள் என்று காட்ட வழியில்லை.

கேரளத்தின் மீடியா ஒன் சேனல் வழக்கும் நமக்குப் பக்கத்தில் நடந்ததுதான். 2022 ஜனவரி இறுதியில் பாதுகாப்பு அனுமதி இல்லை என்று ஒளிபரப்பை நிறுத்தினார்கள். காரணத்தை மூடிய உறையில் நீதிபதியிடம் மட்டும் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அதைப் பார்க்கவே முடியாது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, தேசப் பாதுகாப்பு என்று சொன்னாலே நியாயமான விசாரணை காணாமல் போய்விடாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பு 1994-லேயே கையில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பத்திரிகைக்காரர் அல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 8(2), அரசு ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிறது. விண்ணப்பத்திலேயே 8(2)-ஐ எழுதுங்கள். கூடவே 10-ம் பிரிவையும் எழுதி, ரகசியமான வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி கேளுங்கள். இதை எழுதாவிட்டால் "மந்தணம்" (ரகசியம்) என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்துவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையம்.

அரசு ரகசியச் சட்டத்தை நீக்கிவிட்டு, உண்மையான உளவுக்கான பிரிவுகளை மட்டும் தேசப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கலாம் என்று வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-லேயே பரிந்துரைத்தது. அரசே அமைத்த ஆணையம். அந்தப் பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது. முறைகேட்டை அம்பலப்படுத்துபவரைக் காக்கும் சட்டம் 2014-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வரை போயும் அமலுக்கு வராமல் கிடந்தது. நம் எம்.பி.க்கள், குமரியானாலும் திருவனந்தபுரமானாலும், இந்த இரண்டைப் பற்றியும் அவையில் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நானும் எழுதுகிறேன்.

அதுவரை, "உளவாளி பிடிபட்டார்" என்று குழுவில் யாராவது செய்தி அனுப்பினால் திருப்பி மூன்று கேள்வி கேளுங்கள். வழக்கு எந்தப் பிரிவில்? மகஜரில் எழுதியிருக்கும் ஆவணம் எது? அரசின் புகார் உத்தரவு தேதி என்ன?